தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டுக்கு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் பழைய வேலூர் மாவட்டத்தில், தற்கொலையில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பியை நான் இழந்தது இப்படித்தான். அதற்கப்புறம் இதே துக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது வழக்கமாகிவிட்டது. கீழே இருப்பவை பெரும்பாலும் அந்த வீடுகளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள். நான் டாக்டர் இல்லை. மருத்துவம், சட்டம் பற்றித் தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நானும் கூடவே போய்விடலாம் போல இருக்கிறது. இப்படித் தோன்றுவது எனக்கு மட்டும்தானா?

இல்லை. பெற்ற பிள்ளையையோ கட்டியவரையோ இப்படி இழந்தவர்களில் பலருக்கு இந்த எண்ணம் வரும். "அவன் இருக்கிற இடத்துக்கே போயிடறேன்" என்று அம்மாக்கள் சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் பலருக்கும் வருவதுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. இப்படி ஒருவரை இழந்தவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது தெரிந்த விஷயம்.

எண்ணம் வந்தால் இன்றைக்கே, ஒரே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். உங்களுக்கு ஆபத்தாகக்கூடிய மருந்து, மாத்திரை எது இருந்தாலும் வேறு ஆள் கையில் கொடுத்து வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல ஆலோசனைச் சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பு வேலையைச் செய்துவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. எண்ணம் திட்டமாக மாறுகிறது என்று தோன்றினால் போனோடு நிறுத்தாமல் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள், யாரையாவது கூட அழைத்துக்கொண்டு. இதைப் படிப்பவர் வேறு யாருக்காகவாவது பயந்துகொண்டிருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

ஏன் இப்படிச் செய்தார்? எவ்வளவு யோசித்தும் புரியவில்லையே.

யோசித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அதை நிறுத்துங்கள் என்று சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. கடன், குடி, காதல், பரீட்சை மார்க், மாமியார் சண்டை, தீராத வயிற்றுவலி என்று ஊர் ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடும். பேப்பரிலும் இரண்டு வரியில் ஒரு காரணம் வந்துவிடும். ஒற்றைக் காரணத்தால் யாரும் சாவதில்லை. மனச்சோர்வு, குடிப்பழக்கம், அவமானம், வலி, யாரிடமும் சொல்ல முடியாத தனிமை எல்லாம் கூடி ஒரு நேரத்தில் அழுத்தும்போது, வேறு வழியே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பலருக்கு அந்த நெருக்கடி சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ ஏறி இறங்கிவிடுகிற ஒன்று. அதைத் தாண்டியிருந்தால் அவரே வேறு மாதிரி யோசித்திருப்பார்.

என் தம்பி விஷயத்தில் எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவே இல்லை. புரியாத பாதி அப்படியேதான் இருக்கிறது. முன்பு ஒரு நாளின் எல்லா மணி நேரத்தையும் அது பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது அப்படி இல்லை.

கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களின் வீட்டிலும் இந்தக் கேள்வி தீர்வதில்லை. "எல்லார் பேரும் இருக்கு, என் பேர் மட்டும் இல்லையே" என்று ஒரு மனைவி என்னிடம் கேட்டார். அந்தக் கடிதம் அவருடைய மனசு மிகவும் குறுகிப்போயிருந்த நேரத்தில் எழுதப்பட்டது. சேர்ந்து வாழ்ந்த பதினைந்து வருஷத்தின் கணக்கு அதில் இருக்காது. கடிதமே எழுதாமல் போனவர்களும் ஏராளம், அவர்கள் உங்களை நினைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அன்றைக்கு மூன்று தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்?

எடுத்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். தப்பிக்காமலும் போயிருக்கலாம். "உன் மேல தப்பே இல்ல, விடு" என்று ஆறுதல் சொல்பவர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்கள், அது மனசில் ஒட்டாது. அதனால் வேறு விதமாகச் சொல்கிறேன்.

முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது எல்லாமே அறிகுறியாகத் தெரியும். சட்டையை மடித்து வைத்தது, அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தது, வாங்கிய ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது, எல்லாம். அன்றைக்கு அவை வெறும் சட்டை, வெறும் ஐந்நூறு ரூபாய். வேலை நேரத்தில் போன் எடுக்காதது நீங்கள் அதற்கு முன்பும் நூறு தடவை செய்த காரியம். ஷூ கம்பெனியில் லைனில் உட்கார்ந்திருப்பவர் எப்படி எடுப்பார்? அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் உங்களை எடைபோட வேண்டும், மறுநாள் தெரிந்ததை வைத்து அல்ல.

உண்மையாகவே சண்டை நடந்திருக்கலாம். கடுமையான வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு வருத்தப்படுங்கள், தப்பில்லை. அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக்கூடக் கேளுங்கள். ஆனால் சண்டை போட்டதும் சாகடித்ததும் ஒன்றாகாது. சண்டை நடக்காத வீடு இந்த ஜில்லாவில் எங்கே இருக்கிறது?

ஊருக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டோம். அப்படியே விட்டுவிடலாமா?

ஊருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும், கல்யாண வீட்டில் வழிமறித்துக் கேட்பவருக்கும் "திடீர்னு போயிட்டார், அதைப் பத்தி இப்ப பேச முடியல" என்றால் போதும். அதற்குமேல் நோண்டுகிறவருக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை.

வீட்டுக்குள் கதை வேறு. அம்மாவுக்கு ஒரு விதமாகவும், பிள்ளைகளுக்கு ஒரு விதமாகவும், சம்பந்தி வீட்டுக்கு ஒரு விதமாகவும் சொல்லி வைத்தால், யாரிடம் என்ன சொன்னோம் என்று காப்பாற்றுவதே தனி வேலையாகிவிடுகிறது. வாய்விட்டு அழக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். நான் பார்த்த வீடுகளில் வருஷங்கள் போயும் துக்கம் ஆறாமல் கிடந்தவை பெரும்பாலும் இப்படி மூடி வைத்த வீடுகள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்: வீட்டுக்குள்ளாவது நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொள்ளுங்கள். எப்படி இறந்தார் என்ற விவரம் எல்லாருக்கும் தேவையில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார் என்பது தெரிந்தால் போதும்.

இன்னொன்று. நம்ம வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துத்தான் வெட்கப்படுகிறோம். 2022ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. பதிவாகாமல் போனவை வேறு. நம் பக்கத்திலேயே, வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையினர் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கேட்டு எழுதினார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தக் கணக்கு 2003ல் வெளிவந்தது. லட்சம் பேருக்கு வருஷத்துக்குச் சுமார் 95 தற்கொலைகள். அதே காலத்தில் நாடு முழுதுக்குமான அரசுக் கணக்கு லட்சத்துக்குப் பத்து பதினொன்றுதான். அந்த வித்தியாசத்தில் எத்தனை "நெஞ்சுவலி", எத்தனை "தவறுதலாக" இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் தெருவிலேயே, நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு வீட்டில், இதே துக்கம் இருக்கும்.

குழந்தை "அப்பா எங்கே" என்று கேட்கிறது. என்ன சொல்வது?

உண்மையை, அதன் வயசுக்கு எட்டும் அளவில்.

"பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கார்" என்று சொன்னால் குழந்தை காத்திருக்கும். காட்பாடி ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும். "தூங்கிட்டார்" என்றால் தூங்கவே பயப்படும். "சாமி கூட்டிக்கிச்சு" என்றால் சாமிமேல் கோபம் வரும், நல்லவர்களைத்தானே கூட்டிக்கொள்கிறது, அடுத்தது அம்மாவா என்று கவலைப்படும். அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை உண்மையைச் சொல்லும், அதுவும் மிக மோசமான வார்த்தைகளில். அன்றைக்கு அப்பாவையும் இழந்து, வீட்டில் இருப்பவர்கள் மேலிருந்த நம்பிக்கையையும் இழந்து நிற்கும்.

நாலைந்து வயதுக் குழந்தைக்கு இப்படிச் சொல்லலாம்: "அப்பா செத்துப் போயிட்டார் கண்ணு. அப்பா உடம்பு இனிமே வேலை செய்யாது, திரும்பி வரமாட்டார். அப்பாவுக்கு மனசுல பெரிய நோவு இருந்தது. அந்த நோவுல தன் உயிரைத் தானே போக்கிக்கிட்டார்." குழந்தை உடனே விளையாடப் போய்விடும். அதைப் பார்த்துப் பெரியவர்கள் திகைப்பார்கள். குழந்தைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நாலு நாள் கழித்து, சாப்பிடும்போது, அதே கேள்வி வரும். அதே பதிலைச் சொல்லுங்கள்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கும். என்னாலதானா? நீயும் போயிடுவியா? என்னை யார் பார்த்துப்பாங்க? "நீ அன்னிக்கு அடம்பிடிச்சதால இல்ல, நீ செஞ்ச எதனாலயும் இல்ல" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இருக்கும் பெரியவர்கள் யார் யார், பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவருவார், ராத்திரி யாரோடு படுக்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஆயா பக்கத்துல படுத்துக்கோ, காலையில மாமா பஸ் ஏத்தி விடுவார்" என்று தெரிந்தாலே பாதி பயம் போகும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மேலும் சொல்லலாம், கேட்பதற்கு இடம் கொடுங்கள். "இனிமே வூட்டுக்கு நீதான் ஆம்பள" என்று பையன் தோளில் கைவைத்துச் சொல்லும் மாமாக்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அவன் எட்டாவது படிக்கிறான், அவ்வளவுதான். வகுப்பு டீச்சரிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

துர்மரணம் என்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் செய்யலாமா? ஆவி அலையுமா?

செய்யுங்கள். முழுசாகச் செய்யுங்கள். சாதாரணமாக இறந்தவருக்கு உங்கள் வீட்டு வழக்கத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும். தற்கொலை என்றால் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்து, பந்தலைப் பிரித்துவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பங்காளிகளும் சீக்கிரம் முடி என்பார்கள். அந்த வீட்டுக்கு அழவே நேரம் கிடைக்காது.

நம் பக்கத்தில் கருமாதி ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. களத்தில் சாய்ந்து கிடக்கும் கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு, அதுவரை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்த உறவைச் சொல்லிக் குந்தி ஒப்பாரி வைப்பாள். விடிகிற நேரத்தில் அந்த இடம் வரும்போது, அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அம்மாக்கள் உடைந்து அழுவார்கள். இப்படி ஒரு அழுகை எந்த வீட்டுக்குத் தேவையோ அந்த வீட்டில்தான் "இதுக்கெல்லாம் எதுக்குக் கூத்து" என்று நிறுத்துகிறார்கள். வசதி இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டிமார்களைக் கூட்டி உட்காரவைத்து ஒப்பாரி பாட விடுங்கள்.

அலைவார் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அகாலமாக இறந்தவரை விரட்டுவது மட்டும் நம் பக்கத்து வழக்கம் இல்லை. கல்யாணம் மாதிரி நல்ல காரியத்துக்கு முன்னால் பம்பை உடுக்கை அடித்து, இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துவந்து பூவாடைக்காரி என்று படைக்கிறோமே, அதில் அகாலமாகப் போனவர்களுக்கும் இடம் உண்டு. மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளையன்று பாலாற்றங்கரையில் சமாதிகளுக்குப் பூப்போட்டுப் படைக்கிறவர்கள், எப்படிச் செத்தார் என்று பார்த்தா படைக்கிறார்கள்? பரிகாரம் என்று பல ஆயிரம் கேட்கும் ஆளிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் கடன் ஏறுவது சுலபம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில், கல்லறையில் இடம் கிடைக்குமா என்ற பழைய பயம் இன்னும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் வருஷச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992ல் வந்த அதன் மறைக்கல்வி ஏடு, கடுமையான மன வேதனையில் நடந்ததற்கு ஒருவரின் பொறுப்பு குறைகிறது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. முஸ்லிம் குடும்பங்களில், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை உண்டா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், கருத்து, உண்டு என்பதே.

"இவ வந்த நேரம்தான்" என்று மருமகளைச் சொல்கிறார்கள்.

இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கொஞ்ச நாள் மூச்சு விட முடிகிறது, அதனால்தான் எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் மாட்டுகிறார். நம்மிடம் அது பெரும்பாலும் மனைவி. மனைவி இறந்தால் அவள் புருஷன், பிள்ளை இறந்தால் அதை வளர்த்த அம்மா. கொடுமை நடந்திருந்தால் அதை விசாரிக்கச் சட்டம் இருக்கிறது, விசாரிக்கட்டும். கொடுமை இல்லாத இடத்தில் புருஷனை இழந்த பெண்ணைக் கொலைகாரியாக்குவது இன்னோர் உயிரை ஆபத்தில் தள்ளுவதாகும்.

காரியத்தன்று வளையல் உடைப்பது, பூ எடுப்பது எல்லாம் அவளைக் கேட்காமல் செய்யாதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். எப்படி இறந்தார் என்பதால் அந்த உரிமை மாறாது. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிற அண்ணன் தம்பிகளும் இதைப் படிக்கட்டும்.

போலீஸ், போஸ்ட்மார்ட்டம், எல்ஐசி பணம்?

இயற்கையாக இல்லாத எந்த மரணத்துக்கும் போலீஸ் விசாரணை உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 194ஆம் பிரிவு. விசாரிக்க வருகிறார்கள் என்பதால் நீங்கள் குற்றவாளி என்று ஆகாது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) விசாரணையும் நடக்கும். கடிதம், போன் எதையாவது போலீஸ் எடுத்துப் போனால் அதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள், கடிதத்துக்கு நகல் கேளுங்கள். சவக்கிடங்கு வாசலில் காத்திருப்பது கொடுமையான நேரம். அம்மாவையோ மனைவியையோ அங்கே நிற்க வைக்காமல், விவரம் தெரிந்த உறவுக்காரர் இரண்டு பேர் நிற்பது நல்லது.

பணம் வராது என்று பலர் விண்ணப்பமே போடுவதில்லை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி போட்டு 12 மாதம் தாண்டியிருந்தால் தற்கொலைக்கும் முழுத் தொகை கிடைக்கும். 12 மாதத்துக்குள் என்றால் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் திரும்பி வரும். பேங்கில் வருஷம் 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும், தற்கொலையும் அதில் அடங்கும். 20 ரூபாய் விபத்துத் திட்டம் இதற்குப் பொருந்தாது. அதனால் பாஸ்புக்கை எடுத்து 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குழுக் கடன் இருந்தால் அதனுடன் சேர்த்துக் காப்பீடும் பிடித்திருக்கலாம், கேளுங்கள். இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. நீங்களும் கூடக் கையெழுத்துப் போட்ட கடன் வேறு கணக்கு. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

அவர்மேல் கோபம்தான் வருகிறது. சில நேரம் நிம்மதியாகக்கூட இருக்கிறது. நான் என்ன மாதிரி ஆள்?

மனுஷி. பிள்ளைகளையும் கடனையும் தலையில் வைத்துவிட்டுப் போனவர்மேல் கோபம் வராமல் எப்படி இருக்கும்? பத்து வருஷம் குடியோடும் அடிஉதையோடும் வாழ்ந்தவருக்கு வீடு அமைதியானது நிம்மதிதான். அன்பும் இருந்தது, இதுவும் இருக்கிறது.

கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் வருகிறது.

முதலில் பார்த்தவருக்கு வரும் துன்பம் தனி. துக்கத்தோடு அதிர்ச்சியும் சேர்ந்தது அது. அந்த அறைப் பக்கம் போக முடியாமல் இருக்கும், ஒரு சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். முதல் சில வாரம் இப்படி இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்கென்று நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. தூக்கத்துக்காகக் குடிப்பது வேண்டாம். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் யாராவது படம் அனுப்பியிருந்தால் அழிக்கச் சொல்லித் தம்பி தங்கைகளில் ஒருவரை விட்டு எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்கள். அந்த அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வீட்டையே விற்கும் முடிவை ஒரு வருஷமாவது தள்ளிப்போடுங்கள்.

அம்மா வாயே திறப்பதில்லை. எப்படிப் பேச வைப்பது?

எதிரே உட்கார்ந்து "சொல்லும்மா, மனசுல இருக்கறதைச் சொல்லு" என்றால் யாருக்கும் வாய் வராது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீடு. மகன் போய் எட்டு மாதம், அந்த அம்மா அவன் பெயரையே சொன்னதில்லை. நான் போனபோது மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரித்த இலைகளை எடுத்து அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தூள் வைத்து, உருட்டி, முனை மடித்து, நூல் சுற்றி ஒரு கட்டு முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. "அவனுக்கு இந்தத் தூள் நெடி ஆவாது. இருமினே இருப்பான்" என்றார், தலை நிமிராமல். "என்ன பண்ணுவான் அப்போ?" என்று கேட்டேன். அப்புறம் அவன் ஏழாவது படித்தபோது வெளியில் போய்ப் படுத்துக்கொண்டதிலிருந்து தொடங்கி, சாயந்திரம் வரை அவனைப் பற்றியே பேசினார். கை நிற்கவே இல்லை.

சாவைப் பற்றிக் கேட்காதீர்கள், அவன் வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். கை வேலையாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள்: கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, அணைக்கட்டுப் பக்கம் நிலத்துக்கு வண்டியில் போகும்போது. அவர் பெயரை நீங்கள் முதலில் சொல்லுங்கள். ஆண்கள் இன்னும் மோசம், அப்பாக்கள் வேலைக்குள் புகுந்துகொள்வார்கள். அவர்களுக்கும் அதே வழிதான்.

எவ்வளவு நாளில் சரியாகும்? டாக்டரிடம் போக வேண்டுமா?

முதல் வருஷம் அலைபோல வரும், போகும். சிலருக்கு இரண்டாவது வருஷம் கடினம், ஏனென்றால் அப்போது யாரும் விசாரிக்க வருவதில்லை. திதி, பிறந்தநாள், பொங்கலுக்குத் துணி வைத்துப் படைக்கும் நாள் எல்லாம் வருவதற்கு ஒரு வாரம் முன்னாடியே உடம்பு கனக்கத் தொடங்கும். அந்த நாளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிவைத்தால் கொஞ்சம் தாங்கும்.

துக்கம் நோய் இல்லை, எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் திரும்பவில்லை, ஏக்கம் ஒரு துளியும் குறையவில்லை என்றால் அதை நீடித்த துக்கம் என்று மருத்துவர்கள் தனியாகவே சிகிச்சை செய்கிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957லிருந்து இயங்குகிறது, குடும்பத்தார் கூடவே தங்கிச் சிகிச்சை பெறும் முறைக்குப் பேர் போன இடம். பாகாயம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஊர் எப்படியும் சொல்லும், நீங்கள் போய்விட்டு வாருங்கள். பத்து வருஷம் ஆகிவிட்டது, இப்போது போய்ப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே.

அவருடைய பொருட்கள், போன் நம்பர்?

அவசரமில்லை. மூன்றாம் நாளே எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்வார்கள், இரண்டு சட்டையையாவது எடுத்து ஒளித்து வையுங்கள். போனில் இருக்கும் படங்களையும் குரல் பதிவுகளையும் யாராவது இளவட்டம் மூலம் வேறு இடத்தில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும், பேங்க் வேலை முடிகிறவரையாவது உயிரோடு வைத்திருங்கள்.

எங்களுக்கு நடக்கவில்லை, பக்கத்து வீட்டில் நடந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

போங்கள். என்ன பேசுவது என்று தெரியாததால் போகாமல் இருந்துவிடுகிறோம், அந்த வீட்டாரோ நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேச ஒன்றும் வேண்டாம். எப்படி, எங்கே, யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். "அப்பவே தெரிஞ்சிருக்கணுமே", "கோழை", "பிள்ளைங்க முகத்தைக்கூட நினைக்கலையே" இந்த மூன்றும் வாயில் வரவே வேண்டாம். பால் வாங்கி வையுங்கள், தண்ணீர் வண்டி வந்தால் அவர்கள் குடத்தையும் நிரப்புங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டு வாருங்கள், இ-சேவை மையத்துக்கு இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் கூடப் போங்கள். பதினாறாம் நாளுக்கு அப்புறம் கூட்டம் கலைந்துவிடும். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய், இறந்தவரைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அவர்களுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், தாம்பாளத்தில் வைத்து, எல்லாருக்கும் கொடுப்பது மாதிரியே.